பேச அழைத்தவர் பதில் சொல்வாரா?

1983 செப்டம்பர் 7 அன்று அயர்லாந்து மக்கள் தங்கள் அரசியல் சட்டத்தில் எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தார்கள். கருவில் இருக்கும் சிசுவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்றது அந்தத் திருத்தம். நடைமுறையில் அது கருக்கலைப்புக்கு ஏறத்தாழ முழுத் தடையாக இருந்தது. ஆதரித்து வாக்களித்தவர்கள் 66.9 விழுக்காடு. 2018 மே 25 அன்று அதே திருத்தத்தை நீக்கலாமா என்ற கேள்வி மக்கள் முன் வந்தது. நீக்கலாம் என்றவர்கள் 66.4 விழுக்காடு. 35 ஆண்டுகளில் ஒரு நாடு தன் மனத்தை முழுவதுமாக மாற்றிக்கொண்டிருந்தது.

இடையில் நடந்தவை ஏராளம். கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய பள்ளிகளிலும் விடுதிகளிலும் குழந்தைகள் பட்ட கொடுமைகளை 2009-இல் வெளியான விசாரணை அறிக்கைகள் அம்பலப்படுத்தின. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் கடல் கடந்து இங்கிலாந்து போய்க் கருக்கலைப்பு செய்துகொண்டு திரும்பினார்கள். 2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் 31 வயது சவிதா ஹலப்பனவார் இறந்தார். கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து போன பல் மருத்துவர் அவர். 17 வாரக் கர்ப்பம். கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும், அதன் இதயத் துடிப்பு நிற்கவில்லை என்பதைக் காட்டி, அகற்ற மறுத்தார்கள். கிருமித்தொற்று அவர் உயிரைக் கொண்டுபோனது. டப்ளின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

மக்கள் மனம் மாறிக்கொண்டிருந்தது. பெரிய கட்சிகள்தான் வாய் திறக்க அஞ்சின. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வாக்கு போகும் என்ற கணக்கு அவற்றிடம் இருந்தது. அந்த நிலையில், 2016-இல் அயர்லாந்து நாடாளுமன்றம் ஒரு முடிவெடுத்தது. கட்சி சாராத 99 சாதாரணக் குடிமக்களை அழைத்து, அவர்களை முதலில் பேச விடுவது என்பதே அது.

இந்த முடிவைப் பற்றி உலகெங்கும் அரசியல் அறிஞர்கள் இன்று வரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மக்களாட்சியின் மீது மக்களுக்கே நம்பிக்கை குறைந்துவரும் காலம் இது என்பது அதற்கு ஒரு காரணம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, தங்கள் நாட்டில் மக்களாட்சி நடக்கும் விதத்தில் நிறைவில்லை என்று சொன்னவர்கள் 57.5 விழுக்காடு என்று கணக்கிட்டது. அதே ஆண்டில், வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஈசிடி, குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பேச வைத்த 289 முயற்சிகளைப் பட்டியலிட்டது. நம்பிக்கை சரியச் சரிய, அரசுகள் மக்களைப் பேச அழைப்பதும் கூடியிருக்கிறது.

ஆனால் பேச்சுக்கு எங்கே பஞ்சம்? தொலைக்காட்சி விவாதங்கள் நாள்தோறும் நடக்கின்றன. கைபேசியில் ஒவ்வொருவரும் கருத்துச் சொல்கிறார்கள். பெரிய திட்டங்கள் பலவும் கருத்துக் கேட்புக் கூட்டத்தோடுதான் வருகின்றன. பேசியதைக் கேட்டவர், ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்பதுதான் மக்களாட்சியின் இன்றைய முட்டுச்சந்தில் நிற்கும் கேள்வி. அயர்லாந்தின் வெற்றி, அதே அயர்லாந்தின் பின்னாள் தோல்வி, ஐஸ்லாந்தின் ஏமாற்றம், பிரான்சின் கசப்பு, ஒடிசா மலைக்கிராமங்களின் உறுதி ஆகிய எல்லாவற்றையும் அந்தக் கேள்வியைக் கொண்டு படிக்க முடியும்.

அயர்லாந்துக் குடிமக்கள் பேரவையின் கதை 2016-க்கு முன்பே தொடங்கிவிட்டது. 2008 நிதி நெருக்கடியில் அந்நாட்டு வங்கிகள் கவிழ்ந்தன. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் அரசு கடனுக்குக் கையேந்தியது. அதுவரை நாட்டை ஆண்டு பழகிய ஃபியன்னா ஃபாயில் கட்சி 2011 தேர்தலில் 20 இடங்களுக்குச் சுருங்கியது. அரசியல்வாதிகள் மீது மக்கள் கொண்ட கோபம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில், டேவிட் ஃபேரல், ஜேன் சூட்டர் உள்ளிட்ட அரசியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சாதாரண மக்களுக்குத் தகவலும் நேரமும் கொடுத்தால் சிக்கலான பொருளை நிதானமாகப் பேசி முடிவெடுப்பார்களா என்பதே சோதனை. எடுப்பார்கள் என்று காட்டினார்கள்.

அடுத்ததாக 2012 முதல் 2014 வரை நடந்த அரசியல் சட்ட மாநாட்டில் 66 குடிமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவரும் இருந்தார்கள். ஒரே பாலினத்தவர் திருமணத்தை அனுமதிக்கலாம் என்று அங்கே 79 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2015 மே 22 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் நாடும் 62 விழுக்காட்டோடு அதை ஏற்றது. ஆனால் அதே நாளில், அதே மாநாட்டின் இன்னொரு பரிந்துரையும் மக்கள் முன் வந்தது. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடக் குறைந்தபட்ச வயதை 35-லிருந்து 21 ஆக்கலாம் என்பது அது. 73 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். குடிமக்கள் கூடிப் பேசிச் சொன்னதாலேயே நாடு தலையாட்டிவிடவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. மாநாட்டின் பெரும்பாலான பரிந்துரைகள் வாக்கெடுப்பு வரை வரவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாக்களிக்கும் வயதை 16 ஆக்கும் பரிந்துரை அப்படித் தூங்கிப்போனவற்றில் ஒன்று.

2016-இல் அமைந்த பேரவையில் அரசியல்வாதிகளுக்கு இடமில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய் தலைவர். கருத்துக் கணிப்பு நிறுவனம் ஒன்று வயது, பாலினம், வட்டாரம், வர்க்கம் ஆகியவை நாட்டின் மக்கள்தொகையை ஒத்திருக்குமாறு 99 பேரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினுக்கு வடக்கே மாலஹைடு என்ற கடலோர ஊரின் ஓட்டல் ஒன்றில் சனி, ஞாயிறுகளில் கூடினார்கள். எட்டாவது திருத்தத்துக்கு மட்டும் ஐந்து வார இறுதிகள் ஒதுக்கப்பட்டன.

கூட்டம் நடந்த விதத்தில்தான் அதன் வலிமை இருந்தது. ஏழெட்டுப் பேர் கொண்ட வட்ட மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் பேச்சை நெறிப்படுத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். முதலில் மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் அறநெறி அறிஞர்களும் பேசினார்கள். பிறகு கேள்விகள். பிறகு மேசைப் பேச்சு. வல்லுநர் உரைகள் இணையத்தில் நேரலையாகப் போயின. மேசைப் பேச்சு மட்டும் வெளியே போகவில்லை. கேமரா முன்னால் எவரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார் என்பதை அமைப்பாளர்கள் உணர்ந்திருந்தார்கள். இருதரப்பு இயக்கங்களும் அழைக்கப்பட்டன. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களும், அப்படிச் செய்யாமல் பிள்ளை பெற்ற பெண்களும் தங்கள் அனுபவங்களைச் சொன்ன ஒலிப்பதிவுகள், பெயரும் அடையாளமும் இல்லாமல் ஒலிபரப்பப்பட்டன. பொதுமக்களிடமிருந்து 12,000-க்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன.

2017 ஏப்ரலில் வாக்கெடுத்தபோது, எட்டாவது திருத்தம் இருக்கிறபடியே நீடிக்கக்கூடாது என்றவர்கள் 87 விழுக்காடு. காரணம் கேட்காமல் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றவர்கள் 64 விழுக்காடு. தலைநகரின் அரசியல் வட்டாரம் திகைத்தது. இந்த 99 பேர் நாட்டின் மனநிலைக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள் என்று பத்திரிகைகளிலும் கட்சிகளுக்குள்ளும் பேச்சு எழுந்தது. ஓராண்டு கழித்து வந்த முடிவு, பின்தங்கியிருந்தது அரசியல் வட்டாரமே என்று காட்டியது. 40 தொகுதிகளில் டோனெகால் ஒன்று மட்டுமே திருத்தத்தை நீக்கக்கூடாது என்றது.

நடுவில் அந்த ஓராண்டு என்ன நடந்தது என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேரவையை உருவாக்கிய தீர்மானத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. பேரவையின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு நாடாளுமன்றத்தில் பதில் அளிக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால், பொதுவாக்கெடுப்பு எப்போது என்ற காலவரம்பையும் சொல்ல வேண்டும். அறிக்கை நேராக இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குப் போனது. அக்குழு மாதக்கணக்கில் சாட்சிகளை விசாரித்து, 2017 டிசம்பரில் திருத்தத்தை முழுவதுமாக நீக்கப் பரிந்துரைத்தது. 2018 ஜனவரியில் ஃபியன்னா ஃபாயில் தலைவர் மிகால் மார்ட்டின், தன் கட்சியின் பெரும்பகுதி எதிர்த்துக்கொண்டிருந்தபோதே, நாடாளுமன்றத்தில் எழுந்து தன் நிலைப்பாடு மாறிவிட்டது என்று அறிவித்தார். அரசியல்வாதி ஒருவர் மனம் மாறியதை வெளிப்படையாகச் சொல்வதற்கு இடமளிக்கும் படிக்கட்டை அந்த நடைமுறைதான் கட்டிக்கொடுத்தது.

வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு ஃபேஸ்புக் வெளிநாட்டவர் தரும் விளம்பரங்களைத் தடுத்தது. அடுத்த நாள் கூகுள், இந்த வாக்கெடுப்பு தொடர்பான எல்லா விளம்பரங்களையுமே நிறுத்தியது. பிரெக்சிட் வாக்கெடுப்பும் 2016 அமெரிக்கத் தேர்தலும் ஏற்படுத்திய அச்சம் அவ்வளவு அருகில் இருந்தது.

பேரவையிலும் குறைகள் இருந்தன. உரையாற்ற அழைக்கப்பட்ட வல்லுநர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தவர்கள் என்று கருக்கலைப்பை எதிர்த்தவர்கள் இறுதிவரை சொன்னார்கள். கருக்கலைப்பு விவாதம் முடிந்து வேறு பொருளுக்குப் போன பிறகு, புதிதாகச் சேர்க்கப்பட்ட சிலர் தேர்வாளரின் அறிமுகம் வழியாக வந்தவர்கள் என்று தெரியவந்தது. அவர்கள் நீக்கப்பட்டார்கள். தேர்வில் நாணயம் போனால் அந்தச் சபையின் குரலுக்கு ஒரு மதிப்பும் இருக்காது என்பதைத் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடவோலைக்கு விதி எழுதிவைத்தன. நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குலுக்கல். அதை இன்றைய மக்களாட்சியின் தாய் என்று கொண்டாடுவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையாகாது. ஆனால் அதில் ஒரு விதி இன்றும் கூர்மையானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும், குலுக்கலுக்கே வர முடியாது.

அயர்லாந்தின் 2018 வெற்றியைப் பாடமாகச் சொல்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2024 மார்ச் 8 அன்று அதே நாட்டில் நடந்ததை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. 1937 அரசியல் சட்டத்தில், தாய்க்கு வீட்டில் உள்ள கடமைகளைப் பற்றிப் பேசும் ஒரு பிரிவு உண்டு. பாலினச் சமத்துவம் பற்றிப் பேச 2020-இல் கூடிய இன்னொரு குடிமக்கள் பேரவை, அதை மாற்றச் சொன்னது. வீட்டிலும் சமூகத்திலும் பிறரைப் பேணிப் பராமரிப்பவர்களுக்கு உதவ, அரசு தக்க நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. அரசு வாக்கெடுப்புக்கு வைத்த வாசகமோ, குடும்பத்துக்குள் நடக்கும் பராமரிப்புக்கு உதவ அரசு முயலும் என்று மெலிந்திருந்தது. மாற்றுத்திறனாளர் உரிமைக்காகப் போராடியவர்கள் சிலரே அதை எதிர்த்தார்கள். 73.9 விழுக்காட்டினர் மறுத்தார்கள். அயர்லாந்தில் ஒரு திருத்தத்தை இவ்வளவு பெரும்பான்மை மறுத்தது அதுவே முதல்முறை. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. அவசரம், குழப்பமான பிரச்சாரம், அரசின் மீதான சலிப்பு. என்றாலும் குடிமக்கள் கேட்டதை எடுத்துக்கொண்டு, ஏன் மாற்றினோம் என்று அவர்களிடமே வந்து விளக்காமல், நீர்த்த வாசகத்தை நாட்டின் முன் வைத்தது முதல் தவறு.

ஐஸ்லாந்தில் பதில் என்று எதுவுமே வரவில்லை. அங்கும் 2008-இல் வங்கிகள் கவிழ்ந்தன. புதிய அரசியல் சட்டம் எழுதலாம் என்று நாடு முடிவு செய்தது. 2010-இல் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 950 பேர் ஒரு நாள் கூடி, அந்தச் சட்டத்தில் என்னென்ன விழுமியங்கள் இருக்க வேண்டும் என்று பேசினார்கள். 522 வேட்பாளர்களிலிருந்து 25 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நடைமுறைக் குறைகளைச் சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கியது. நாடாளுமன்றம் அதே நபர்களை நியமனம் செய்து வேலையைத் தொடரச் சொன்னது. வரைவுகளை அவர்கள் இணையத்தில் வெளியிட்டு, மக்கள் சொன்ன திருத்தங்களைப் படித்துப் படித்து எழுதினார்கள். 2011 ஜூலையில் 25 பேரும் ஒருமனதாக வரைவை ஒப்படைத்தார்கள். 2012 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வரைவையே அடிப்படையாகக் கொள்ளச் சொன்னார்கள். இயற்கை வளங்கள் நாட்டின் சொத்து என்று எழுத வேண்டும் என்றவர்கள் 83 விழுக்காடு. மீன்வளத்தை நம்பி வாழும் நாட்டில் அது யார் பையைத் தொடும் கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்த வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2013 வசந்த காலத்தில் கூட்டத்தொடர் முடிந்தது. வரைவு இறுதி வாக்குக்கு வரவே இல்லை. தேர்தலில் ஆட்சி மாறியது. ஐஸ்லாந்து இன்றும் 1944-இன் அரசியல் சட்டத்திலேயே இயங்குகிறது.

பிரான்சில் நடந்தது இன்னும் வலி தருவது, ஏனென்றால் அங்கே வாக்குறுதி அவ்வளவு உரக்க ஒலித்தது. 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்தது. குடியரசுத் தலைவர் எமானுவேல் மக்ரோன் 2019 ஜனவரியில் தேசியப் பெருவிவாதத்தைத் தொடங்கிவைத்தார். இரண்டு மாதங்களில் 10,000-க்கு மேற்பட்ட உள்ளூர்க் கூட்டங்கள் நடந்தன. இணையத்தில் லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. ஊர் மன்ற அலுவலகங்களில் குறைகேட்புப் பதிவேடுகள் திறந்து வைக்கப்பட்டன. முதியவர்களும் உழவர்களும் சிறு கடைக்காரர்களும் வந்து கைப்பட எழுதினார்கள். 1789 புரட்சிக்கு முன் மன்னருக்கு எழுதப்பட்ட குறைப்பதிவேடுகளின் நினைவு அந்தப் பெயரிலேயே இருந்தது. எழுதியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய் அங்கேயே கிடந்தன. பொதுமக்கள் பார்வைக்கு அவற்றை வெளியிடக் கோரும் தீர்மானத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் 2025-இல்தான் நிறைவேற்றியது.

அடுத்து வந்தது குடிமக்கள் பருவநிலை மாநாடு. குலுக்கலில் வந்த 150 பேர் 2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை உழைத்து, 149 பரிந்துரைகளை எழுதினார்கள். வடிகட்டாமல் அப்படியே நாடாளுமன்றத்துக்கோ வாக்கெடுப்புக்கோ அனுப்புவேன் என்று மக்ரோன் வாக்களித்திருந்தார். மூன்றை உடனடியாகத் தள்ளினார். நெடுஞ்சாலை வேக வரம்பை மணிக்கு 110 கிலோமீட்டராகக் குறைப்பது, பங்கு ஈவுத்தொகை மீது 4 விழுக்காடு வரி போடுவது ஆகியவை அதில் அடங்கும். மீதியில் பலவும் அமைச்சகங்களில் உருமாறிச் சட்டமாயின. 2021 பிப்ரவரியில் அந்தக் குடிமக்களே மீண்டும் கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு கையாண்ட விதத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்கு 3.3 கிடைத்தது. எல்லாப் பரிந்துரைகளையும் ஏற்றே ஆக வேண்டும் என்று எந்த அரசையும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. தேர்தலில் வென்றவர்தான் ஐந்தாண்டு கழித்து மக்கள் முன் நிற்கப்போகிறார். ஆனால் ஏற்காததை ஏற்காததாகவே அறிவித்துக் காரணம் சொல்லும் மரியாதை வேறு, ஏற்பதாகச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கரைய விடுவது வேறு.

பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் பேசும் ஒரு சிறு தன்னாட்சிப் பகுதி இருக்கிறது. மக்கள்தொகை 77,000 அளவில். அதன் நாடாளுமன்றம் 2019 பிப்ரவரியில் ஒருமனதாக ஒரு சட்டம் இயற்றியது. 24 குடிமக்கள் கொண்ட நிலையான மன்றம் ஒன்று, எந்தப் பொருளைப் பேசலாம் என்று முடிவு செய்யும். அந்தப் பொருளைப் பேசக் குலுக்கலில் 25 முதல் 50 பேர் வரை வருவார்கள். அவர்கள் பரிந்துரைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நாடாளுமன்றக் குழுவும் பொறுப்பான அமைச்சரும் அந்தக் குடிமக்களோடு பொது அமர்வில் உட்கார வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையையும் நிறைவேற்றப் போகிறார்களா, இல்லையென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒருநாள் மீண்டும் கூடி, சொன்னது எந்த அளவு நடந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். யார் ஆட்சிக்கு வந்தாலும், தலைவரின் மனநிலை எப்படி இருந்தாலும், பதில் சொல்வது சட்டப்படியான வேலை.

இந்தியாவுக்கு இதெல்லாம் புதிதா? 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரையும் கிராம சபை உறுப்பினர்கள் ஆக்கியது. குலுக்கலே தேவையில்லை. லட்சக்கணக்கான ஊர்களில் கோடிக்கணக்கானோர் நேருக்கு நேர் பேசுவதற்கு அரசியல் சட்டமே போட்டுக் கொடுத்த மேடை அது. ஐரோப்பாவில் 99 பேர் கூடியதைப் பற்றி நூலகம் நிறைய நூல்கள் வந்திருக்க, கிராம சபையைப் பற்றிய ஆழமான ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. விஜயேந்திர ராவும் பரோமிதா சன்யாலும் தென்னிந்தியாவின் நான்கு மாநிலங்களில் ஏறத்தாழ 300 கிராம சபைகளில் மக்கள் பேசியதை எழுத்தாக்கி, 2019-இல் ஒரு நூல் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே அரசுத் திட்டங்களின் விதிகளை வாதிட்டு அலசுவதை அந்த நூல் காட்டுகிறது.

அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றியது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் தமிழ்நாட்டுக் கிராம சபைப் பேச்சுகளின் எழுத்துப் பதிவைக் கணினி கொண்டு ஆராய்ந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் பேசுவது குறைவு. பேசுபொருளை முடிவு செய்வதும் குறைவு. இந்த இரண்டையும் எவரும் ஊகித்திருக்கலாம். மூன்றாவது கண்டுபிடிப்புதான் உறுத்துகிறது. பெண் ஒருவர் ஒரு பிரச்சினையைச் சொன்னால், அந்தப் பிரச்சினைக்கே பொருந்தும் பதிலை அதிகாரியிடமிருந்து அவர் பெறும் வாய்ப்பும் குறைவு. இட ஒதுக்கீட்டில் ஒரு பெண் ஊராட்சித் தலைவராக இருக்கும் ஊரில் பெண்களின் குரல் செவிகொடுத்துக் கேட்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. மாலஹைடு ஓட்டலின் வட்ட மேசையில் நெறியாளர் செய்த வேலையில் ஒரு பகுதியை இங்கே தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே செய்துவிடுகிறது.

அந்த நாற்காலி அடிக்கடி காலியாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 இறுதி முதல் 2019 இறுதி வரை மூன்றாண்டுகள் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம சபை நாட்கள் மட்டும் நான்கிலிருந்து ஆறாகக் கூடியிருக்கின்றன. குடியரசு நாள், உழைப்பாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. அது நல்ல மாற்றமே. ஆனால் ஒவ்வொரு சபைக்கும் அரசு அனுப்பும் பற்றாளரும் அலுவலரும், போன முறை எழுதிய தீர்மானம் என்ன ஆனது என்பதை எடுத்த எடுப்பில் சொல்லியாக வேண்டும் என்ற பழக்கம் அதோடு வரவில்லை.

கிராம சபையின் சொல் இறுதிச் சொல்லாக நின்ற இடமும் இந்தியாவில் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்ட வேதாந்தா குழுமம் விரும்பியது. மலையைத் தெய்வமாகக் கொண்ட டோங்கிரியா கோந்த் பழங்குடிகள் எதிர்த்தார்கள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், 2006 வன உரிமைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, அந்த மக்களின் வழிபாட்டு உரிமையைப் பற்றிக் கிராம சபைகளே பேசி முடிவு சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி மேற்பார்வை. மாநில அரசு தேர்ந்தெடுத்தவை 12 ஊர்கள் மட்டுமே. இன்னும் பல ஊர்களை விட்டுவிட்டதாகக் குற்றச்சாட்டும் எழுந்தது. ஜூலை, ஆகஸ்டு மழையில் ஒவ்வொரு ஊராகச் சபை கூடியது. கோந்த் மக்கள் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். 12 ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. மாலஹைடு பேரவைக்குக்கூட இல்லாத அதிகாரம் அந்த மலைக்கிராமங்களுக்கு ஒரு தீர்ப்பின் வழியே கிடைத்திருந்தது.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்கு அப்படித் தீர்ப்பு எதுவும் இல்லை. 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் தோண்டுவதற்கான ஏலம் வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. அதே மாதம் வட்டாரக் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தார்கள். அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் மட்டும் தனியாகப் போயிருந்தால் டெல்லியில் அதைப் பிரித்துப் படித்திருப்பார்களா என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயமான இருதரப்பு வாதங்கள் இருக்கலாம். அந்த மக்களின் தீர்மானங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தக் காரணத்தால் உங்கள் வாதத்தை ஏற்கவில்லை என்று பொறுப்புள்ள ஒருவர் அதே சபையில் வந்து சொல்ல வேண்டும் என்பதில் இருதரப்பு இருக்க முடியாது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. தீர்மானப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் செல்லும் என்ற குறைவெண் வரம்பும் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாட்களும் இருக்கின்றன. பதிவேட்டில் ஒவ்வொரு தீர்மானத்துக்கு எதிரிலும், ஊராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ துறையோ அடுத்த சபைக்குள் எழுத்தில் தர வேண்டிய பதிலுக்கு ஓர் இடம் வேண்டும். மறுத்தால் காரணம் வேண்டும். பதில் வராவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பது எழுதப்பட வேண்டும். கிழக்கு பெல்ஜியத்தில் 77,000 பேருக்காக எழுதப்பட்ட அந்த விதியைத் தமிழ்நாட்டின் 12,500 அளவிலான ஊராட்சிகளுக்கு எழுத அரசியல் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்பதை முடிவு செய்யும் உரிமையை 73-ஆவது திருத்தம் மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டிருக்கிறது. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும்.